புகையிலையைக் கைவிட எது துணை: பேட்ச், சூயிங்கம், வாரெனிக்லின், சைட்டிசின்

கத்தரிக்காயிலும் நிக்கோட்டின் இருக்கிறது என்று ஒரு செய்தி அடிக்கடி சுற்றி வரும். செய்தி உண்மைதான். கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் புகையிலையின் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1993-இல் வெளியான ஓர் அளவீட்டின்படி ஒரு கிராம் கத்தரிக்காயில் சுமார் 100 நானோகிராம் நிக்கோட்டின் இருக்கிறது. பழுத்த தக்காளியிலும் உருளைக்கிழங்கின் சதையிலும் அதைவிட மிகக் குறைவு. ஒரு சிகரெட் உடலுக்குள் சேர்ப்பது ஏறக்குறைய 1 மில்லிகிராம். அந்த அளவை எட்ட 10 கிலோ கத்தரிக்காய் தின்ன வேண்டும். தின்றாலும் வயிற்றின் வழியே போகும் நிக்கோட்டினில் பெரும்பகுதியை, அது மூளைக்குப் போகும் முன்பே, கல்லீரல் சிதைத்துவிடும். ஆகவே "காய்கறியிலேயே இருக்கிறதே, சிகரெட்டில் இருந்தால் என்ன" என்ற வாதமும் நிற்காது, "கத்தரிக்காய் சாப்பிட்டே சிகரெட்டை விடலாம்" என்ற யோசனையும் நிற்காது.

புகையிலையை விட முடிவெடுத்தவர் முன்னால் இருக்கும் ஒவ்வொரு வழியையும் இதே இரண்டு அளவுகோல்களால்தான் பார்க்க வேண்டும். எவ்வளவு நிக்கோட்டின் இரத்தத்துக்குப் போகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது. இரண்டில் வேகம்தான் பெரிது. நிக்கோட்டினைத் தோல் வழியே தரும் பேட்ச் வேலை செய்யவில்லை, வாய் வழியே தரும் சூயிங்கம் பயனில்லை என்று பாதியில் கைவிடுபவர்களில் பலருக்கு உண்மையில் நடந்தது என்ன என்று பார்த்தால், தப்பான வேகத்தில் தப்பான அளவு எடுத்திருப்பார்கள்.

செடி செய்த பூட்டுச்சாவி

நிக்கோட்டின் புகையிலைச் செடியின் வேரில் உருவாகி, நீரேறும் குழாய்கள் வழியே இலைக்குப் போய்ச் சேர்கிறது. புழு இலையைக் கடித்தால் செடி வேருக்குச் சேதி அனுப்பி உற்பத்தியைக் கூட்டும். விவசாயிகள் நுனி கிள்ளினால் இலையில் காரம் ஏறுவதும் இந்த ஏற்பாட்டால்தான். பூச்சியின் நரம்பில் அசிட்டைல்கோலின் என்ற இயல்பான சேதிப்பொருள் உட்காரும் இடத்தில் நிக்கோட்டினும் போய் உட்கார்ந்து நரம்பைத் தாறுமாறாக இயக்கிவிடும். மனித மூளையிலும் அதே வகைப் பூட்டு இருக்கிறது. அங்கே உட்காரும்போது டோப்பமின் சுரக்கிறது. அடிமைத்தனம் பிறக்கும் இடம் அது.

நாம் பரவலாகப் பயிரிடும் புகையிலையின் உலர்ந்த இலையில் பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதம் நிக்கோட்டின் இருக்கும். அதன் உறவான நிக்கோட்டியானா ரஸ்டிகா இனத்தில் இதைவிடப் பல மடங்கு கூட இருக்கலாம். நிக்கோட்டியானா கிளாக்கா என்ற மரப்புகையிலையில் நிக்கோட்டினுக்குப் பதில் அனபேசின் என்ற வேறொரு நஞ்சு மேலோங்கி இருக்கும். அதன் இலையைக் கீரை என்று நினைத்துச் சமைத்து உயிரிழந்தவர்கள் உண்டு. புகையிலை இனம் என்பதற்காக எல்லா இலையையும் ஒன்றுபோல எண்ணக்கூடாது.

இன்னொரு வேதியியல் செய்தி பின்னால் சூயிங்கம் பற்றிப் பேசும்போது தேவைப்படும். நிக்கோட்டின் ஒரு காரப்பொருள் (நாக்கில் உறைக்கும் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான வேதித்தன்மை). சுற்றியுள்ள நீர் அமிலமாக இருந்தால் மின்னூட்டம் பெற்றுச் சவ்வுகளைத் தாண்டாமல் நின்றுவிடும். காரமாக இருந்தால் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்துக்குள் நழுவிவிடும். சிகரெட் புகை சற்று அமிலத்தன்மை கொண்டது. வாயில் மட்டும் வைத்திருந்தால் அதிகம் உறிஞ்சப்படாது, நுரையீரலுக்குள் இழுத்தாக வேண்டும். நுரையீரலின் பரப்பு மிகப் பெரியது. இழுத்த 10 முதல் 20 விநாடிக்குள் நிக்கோட்டின் மூளையைத் தொட்டுவிடும். மூளை கற்றுக்கொள்வது இந்த வேகத்தைத்தான். அதன்பின் இரத்தத்தில் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிக்கோட்டின் பாதியாகக் குறையும். அடுத்த சிகரெட்டுக்குக் கை போவது அதனால்.

புற்றுநோய்க்கும் மாரடைப்புக்கும் நுரையீரல் அழிவுக்கும் முதன்மைக் காரணம் நிக்கோட்டின் அல்ல. எரியும்போது பிறக்கும் தார், கார்பன் மோனாக்சைடு, இலையைப் பதப்படுத்தும்போது உருவாகும் நைட்ரசமின்கள் போன்றவைதான் காரணம். வாயில் ஒதுக்கும் புகையிலையில் புகை இல்லை, ஆனால் நைட்ரசமின்கள் இருக்கின்றன. மருந்துக்கடை நிக்கோட்டினில் இவை எதுவும் பொருட்படுத்தும் அளவில் இல்லை. ஆகவே "ஒரு போதையை விட்டு அதே போதையை எடுப்பதா" என்று தயங்க வேண்டியதில்லை. எடுப்பது அதே பொருள்தான், ஆனால் வேகம் குறைந்தது, கூட வரும் நஞ்சுகள் இல்லாதது, படிப்படியாக நிறுத்தக்கூடியது.

எழுந்தவுடன் எத்தனை நிமிடம்?

வழியைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள். காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட், அல்லது முதல் சிட்டிகை? 30 நிமிடத்துக்குள் என்றால் பிடிப்பு வலுவானது. 5 நிமிடத்துக்குள் என்றால் மிக வலுவானது. ஒரு நாளைக்கு எத்தனை என்ற எண்ணிக்கையைவிட இது நம்பகமான அடையாளம். இரவு முழுதும் இறங்கிப்போன நிக்கோட்டின் அளவை மூளை எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதை இது நேராகக் காட்டிவிடுகிறது. எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு ஒவ்வொன்றையும் ஆழமாக இழுப்பவர்கள் ஏராளம்.

துணையில்லாமல் விடுவது

மருந்தும் ஆலோசனையும் இல்லாமல் முயல்பவர்களில் ஆறு மாதம் கழித்தும் புகைக்காமல் இருப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர். குறைவான எண்தான். ஆனாலும் முயல்பவர்கள் எண்ணிக்கை மிகப் பெரிது என்பதால், உலகில் புகையை விட்டவர்களில் பெரும்பாலோர் இப்படி விட்டவர்களே. முதல் சிகரெட்டை எழுந்து ஒரு மணி நேரம் கழித்தும் தள்ளிப்போடக் கூடியவர் இதை முதலில் முயலலாம். விலகல் தொல்லைகளான எரிச்சல், கவனக்குறைவு, பசி, தூக்கக்கேடு ஆகியவை முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும்.

"கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன்" என்பது பலருக்கும் இயல்பாகத் தோன்றும் வழி. 2016-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில் ஒரு குழு இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தது, மற்றது குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியது. இரண்டுக்கும் நிக்கோட்டின் மருந்து உண்டு. நான்கு வாரம் கழித்து ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேரும், குறைத்தவர்களில் 39 சதவீதம் பேரும் விலகியிருந்தார்கள். நாளைக் குறித்துவிட்டு நிறுத்துவதே மேல் என்பது என் முடிவு. குறைத்துக்கொண்டே போகும்போது மீதமிருக்கும் ஒவ்வொரு சிகரெட்டின் மதிப்பும் ஏறிக்கொண்டே போகிறது.

பேட்ச்: மெதுவான அடித்தளம்

தோலில் ஒட்டும் பேட்ச் நாள் முழுதும் சீராக நிக்கோட்டினை விடுகிறது. உச்சத்தைத் தொடவே சில மணி நேரம் ஆகும். திடீரென எழும் வேட்கைக்கு இதனால் பதில் சொல்ல முடியாது. அடியிலிருக்கும் பற்றாக்குறையை நிரப்புவதுதான் இதன் வேலை.

24 மணி நேர வகை 21, 14, 7 மி.கி. அளவுகளில் வருகிறது. ஒரு நாளைக்கு 10 சிகரெட்டுக்கு மேல் புகைத்தவர் 21 மி.கி.யை ஆறு வாரம், பிறகு 14 மி.கி.யை இரண்டு வாரம், 7 மி.கி.யை இரண்டு வாரம் என்று இறங்க வேண்டும். 10 அல்லது அதற்குக் கீழே என்றால் 14 மி.கி. ஆறு வாரம், 7 மி.கி. இரண்டு வாரம். 16 மணி நேர வகையில் அளவுகள் வேறு, 25, 15, 10 மி.கி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் உறையைப் படித்து வாங்குங்கள்.

ஒட்டும் இடம் முடியில்லாத, உலர்ந்த, எண்ணெயோ கிரீமோ பூசாத மேல்கை, தோள், மார்பு அல்லது இடுப்பு. ஒட்டிய பின் பத்து விநாடி உள்ளங்கையால் அழுத்துங்கள். தினமும் இடம் மாற்றுங்கள். அதே இடத்துக்கு ஒரு வாரத்துக்குள் திரும்ப வேண்டாம், தோல் சிவந்து அரிக்கும். ஒட்டியவுடன் லேசாக ஊறுவது இயல்பு. நாலு நாளுக்கு மேல் தடிப்பு மறையாவிட்டால் வேறு வகைக்கு மாறுங்கள். இரவில் கனவுகள் விபரீதமாக வந்தால் படுக்கும்முன் கழற்றிவிடலாம். ஆனால் எழுந்த ஐந்து நிமிடத்தில் புகைக்கும் பழக்கமுள்ளவர் இரவிலும் விட்டுவைப்பதே நல்லது, காலையில் வெறும் அளவோடு விழிக்க வேண்டியிராது. வெந்நீர் ஒத்தடம், நீராவிக் குளியல் போன்ற சூடு பேட்சிலிருந்து நிக்கோட்டின் இறங்கும் வேகத்தைக் கூட்டி, தலைசுற்றலும் குமட்டலும் தரும். எம்ஆர்ஐ எடுக்கப் போகிறவர் முன்னதாகக் கழற்ற வேண்டும், சில பேட்ச்களின் பின்புறத்தில் உலோகப் படலம் உண்டு. கழற்றிய பேட்சில் இன்னும் கணிசமான நிக்கோட்டின் மிஞ்சியிருக்கும். பசைப்பக்கம் உள்ளே இருக்குமாறு மடித்து, குழந்தையும் நாயும் எட்டாத குப்பையில் போடுங்கள்.

விடும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே பேட்ச் ஒட்டத் தொடங்கினால் வெற்றி வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. புகைத்துக்கொண்டே பேட்ச் ஒட்டலாமா என்ற பயம் பரவலானது. ஒட்டியபடி ஒரு சிகரெட் புகைத்துவிட்டால் பெரும்பாலோருக்கு ஆபத்து ஒன்றும் வராது. அங்கே உண்மையான தவறு, ஒரு சிகரெட் புகைத்ததும் பயந்து பேட்சைப் பிய்த்து எறிவது. அடித்தளமும் போய்விடும், அடுத்த சிகரெட் உறுதியாகிவிடும்.

சூயிங்கமும் சப்பும் மாத்திரையும்: அதிகம் தவறு நடக்கும் இடம்

நிக்கோட்டின் சூயிங்கம் 1960-களின் இறுதியில் சுவீடனில் ஓவே ஃபெர்னோ என்ற வேதியியலாளர் உருவாக்கத் தொடங்கியது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத மாலுமிகள் வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டார்கள் என்ற கவனிப்பு அதன் பின்னணி. அதை மற்ற சூயிங்கம் போல மென்றால் வேலை செய்யாது. இதைக் கடையில் யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால்தான் கொஞ்சம் விரிவாக.

முதல் சிகரெட் எழுந்து 30 நிமிடத்துக்குள் என்றால் 4 மி.கி., இல்லையென்றால் 2 மி.கி. ஒன்றை வாயில் போட்டு மெதுவாக மெல்லுங்கள். மிளகு கடித்தது போன்ற காரமோ சுருக்கென்ற கூச்சமோ தெரியும் வரை மட்டும். தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்குங்கள். ஒரு நிமிடம்போல் கழிந்து காரம் அடங்கியதும் மறுபடி நாலைந்து மெல்லல், இன்னொரு பக்கத்தில் ஒதுக்கல். இப்படி 30 நிமிடம். விடாமல் மென்றால் நிக்கோட்டின் எச்சிலில் கலந்து வயிற்றுக்குப் போகும். அங்கே கல்லீரல் அதைச் சிதைக்கும், மிஞ்சியது விக்கலும் நெஞ்செரிச்சலும் குமட்டலும். "சூயிங்கம் ஒத்துக்கொள்ளவில்லை" என்பவரிடம் எப்படி மென்றீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் விடை இதுதான்.

இரண்டாவது தவறு காபி. சூயிங்கத்தில் காரம் கூட்டும் கார்பனேட் உப்பு சேர்த்திருப்பார்கள், வாய் சற்றே காரமாக இருந்தால் நிக்கோட்டின் உட்தோலைத் தாண்டும் என்பதற்காக. காபி, பழச்சாறு, குளிர்பானம் குடித்த கையோடு மென்றால் வாய் அமிலமாகிவிடும், மருந்து சவ்வில் நின்றுவிடும். மெல்வதற்கு 15 நிமிடம் முன்பும் மெல்லும்போதும் தண்ணீர் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

மூன்றாவதும் மோசமானதுமான தவறு, குறைவாக எடுப்பது. வேட்கை வந்தபோது மட்டும் ஒன்று என்று ஒரு நாளைக்கு மூன்று நாலு மெல்கிறார்கள். 4 மி.கி. சூயிங்கத்திலிருந்து உடலுக்குச் சேர்வது அதில் பாதியளவே. ஒரு பாக்கெட் புகைத்தவருக்கு மூன்று சூயிங்கம் என்பது கால் வயிற்றுக் கஞ்சி. முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, குறைந்தது ஒன்பது. ஏழு முதல் ஒன்பதாம் வாரம் இரண்டு முதல் நாலு மணிக்கு ஒன்று. பத்து முதல் பன்னிரண்டாம் வாரம் நாலு முதல் எட்டு மணிக்கு ஒன்று. ஒரு நாளைக்கு 24-ஐத் தாண்டக்கூடாது.

சப்பும் மாத்திரையான லோசெஞ்சுக்கும் அளவு, இடைவெளி, அமிலத் தடை எல்லாம் அதேதான். உச்சவரம்பு மட்டும் நாளைக்கு 20. மெல்லவோ கடித்து விழுங்கவோ கூடாது, கன்னத்தில் ஒதுக்கி 20 முதல் 30 நிமிடத்தில் கரைய விட வேண்டும். மென்று ஒதுக்கும் நுட்பம் தேவையில்லை என்பதாலும், அதே மி.கி.யில் சூயிங்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் நிக்கோட்டின் கிடைப்பதாலும், இரண்டில் ஒன்று என்றால் லோசெஞ்சையே தேர்வேன். பல் கட்டியவருக்கும் தாடை மூட்டு வலி உள்ளவருக்கும் சூயிங்கம் ஒத்து வராது. வாய்க்கு மெல்ல ஏதாவது வேண்டும் என்று தவிப்பவருக்கு மட்டும் சூயிங்கம் கூடுதல் ஆறுதல்.

இரண்டிலும் 20 முதல் 30 நிமிடத்தில்தான் இரத்த அளவு உயரும். வேட்கை உச்சத்தில் இருக்கும்போது வாயில் போட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் பயனில்லை என்று முடிவுகட்டக் கூடாது. வேட்கை எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும், அதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். இன்னும் வேகம் வேண்டுவோருக்கு மூக்கில் அடிக்கும் நிக்கோட்டின் ஸ்பிரே சில நாடுகளில் கிடைக்கிறது. மூக்கெரிச்சல் முதல் வாரத்தில் கடுமையாக இருக்கும்.

இரண்டையும் சேர்த்தால்

பேட்ச் தனியாக, சூயிங்கம் தனியாக என்று தேர்ந்தெடுப்பதே தவறான கேள்வி. பேட்ச் அடித்தளம், சூயிங்கமோ லோசெஞ்சோ அவசரத்துக்கு. இப்படிச் சேர்த்து எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் எடுப்பவர்களைவிட ஏறக்குறைய கால் பங்கு அதிகமாக வெற்றி பெறுகிறார்கள் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த முடிவு. நிக்கோட்டின் கூடிப்போய்விடுமோ என்ற பயத்துக்கு ஓர் அடையாளம் போதும். குமட்டல், உமிழ்நீர் ஊறல், தலைசுற்றல், படபடப்பு வந்தால் அளவு கூடிவிட்டது, வாயிலிருப்பதைத் துப்பி அடுத்ததைத் தள்ளிப்போடுங்கள். எரிச்சலும் தவிப்பும் தொடர்ந்தால் அளவு போதவில்லை. பெரும்பாலோர் இரண்டாம் பக்கம்தான் தவறுகிறார்கள்.

வாரெனிக்லினும் சைட்டிசினும்: பாதி திரும்பும் சாவி

லாபர்னம் என்று ஐரோப்பாவில் ஓர் அழகு மரம் உண்டு. சரக்கொன்றை போல மஞ்சள் சரம் தொங்கும், ஆனால் சரக்கொன்றை வேறு, இது வேறு. லாபர்னத்தின் விதையில் சைட்டிசின் என்ற நஞ்சு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது புகையிலை கிடைக்காத வீரர்கள் அந்த மரத்தின் இலையைச் சுருட்டிப் புகைத்தார்கள். நிக்கோட்டின் உட்காரும் அதே பூட்டில் சைட்டிசினும் உட்காருகிறது, ஆனால் சாவி பாதிதான் திரும்புகிறது. கொஞ்சம் டோப்பமின் சுரப்பதால் தவிப்பு அடங்கும். பூட்டு ஏற்கெனவே அடைபட்டிருப்பதால், அப்போது சிகரெட் புகைத்தாலும் பழைய சுகம் கிடைக்காது. பல்கேரியாவில் 1964 முதல் இது மாத்திரையாக விற்கிறது. வாரெனிக்லின் இந்தச் சைட்டிசினின் அமைப்பை மாதிரியாக வைத்து ஆய்வகத்தில் உருவாக்கியது, 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விதையைத் தின்றால் நஞ்சு, மில்லிகிராமில் அளந்த மாத்திரை மருந்து. லாபர்னம் விதையைத் தேடிப் போகவே வேண்டாம்.

வாரெனிக்லினை விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். முதல் மூன்று நாள் 0.5 மி.கி. ஒருவேளை, நாலு முதல் ஏழாம் நாள் வரை 0.5 மி.கி. இருவேளை, எட்டாம் நாளிலிருந்து 1 மி.கி. இருவேளை, மொத்தம் 12 வாரம். எட்டாம் நாள் சிகரெட்டை நிறுத்துவது. 12 வாரத்தில் வெற்றி பெற்றவர் இன்னொரு 12 வாரம் தொடர்ந்தால் பழையபடி திரும்பும் வாய்ப்பு குறையும். மூன்றில் ஒருவருக்குக் குமட்டல் வரும். வெறும் வயிற்றில் போடாமல், சாப்பிட்டபின் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கினால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளலாம். இரவு மாத்திரையைச் சாயங்காலச் சாப்பாட்டோடு முன்தள்ளினால் விநோதக் கனவும் தூக்கக்கேடும் குறையும். சிறுநீரகம் கடுமையாகப் பழுதுபட்டவருக்கு அளவைப் பாதியாக்க வேண்டும். இந்த மருந்து சிறுநீரில்தான் வெளியேறுகிறது.

இது மனநிலையைக் குலைக்கும், தற்கொலை எண்ணம் தரும் என்று பல ஆண்டுகள் எச்சரிக்கை இருந்தது. 8,144 பேரை வைத்து நடந்து 2016-இல் வெளியான பெரிய ஆய்வு அந்தப் பயத்தை உறுதிசெய்யவில்லை. மனநோய் உள்ளவர்களையும் தனியாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு அது. அமெரிக்க மருந்து நிர்வாகம் அதே ஆண்டு டிசம்பரில் கறுப்புக்கட்டம் என்ற மிகக் கடுமையான எச்சரிக்கையை எடுத்துவிட்டது. ஒன்பதாம் வாரம் முதல் இருபத்துநாலாம் வாரம் வரை விடாமல் விலகியிருந்தவர்கள் அந்த ஆய்வில் வாரெனிக்லினில் 21.8 சதவீதம், பூப்ரோபியான் என்ற இன்னொரு மாத்திரையில் 16.2, பேட்ச் மட்டும் எடுத்தவர்களில் 15.7, வெற்று மாத்திரையில் 9.4. வழிகளை நேருக்கு நேர் வைத்த எண்களில் எனக்கு மிக நம்பகமாகப் படுவது இது. இந்த எண்களைப் பார்த்து மனம் தளர வேண்டாம். சிறந்த மருந்திலும் ஐந்தில் நாலு பேர் ஒரே முயற்சியில் வெல்வதில்லை, இரண்டாம் மூன்றாம் முயற்சி இந்த வழக்கில் இயல்பு.

சைட்டிசினின் பலம், 25 நாளில் முடிந்துவிடுவது. பலவீனம், முதல் நாட்களின் நெருக்கமான நேரக்கணக்கு. 1.5 மி.கி. மாத்திரை, முதல் மூன்று நாள் இரண்டு மணிக்கு ஒன்று, ஒரு நாளைக்கு ஆறு. நாலு முதல் பன்னிரண்டாம் நாள் இரண்டரை மணிக்கு ஒன்று, ஐந்து. பதின்மூன்று முதல் பதினாறு மூன்று மணிக்கு ஒன்று, நாலு. பதினேழு முதல் இருபது ஐந்து மணிக்கு ஒன்று, மூன்று. கடைசி ஐந்து நாள் ஒன்றோ இரண்டோ. ஐந்தாம் நாளுக்குள் புகைப்பதை முற்றிலும் நிறுத்த வேண்டும். நிறுத்த முடியவில்லை என்றால் மருந்தை நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி தொடங்க வேண்டும். கைப்பேசியில் மணி வைக்காமல் இந்த அட்டவணையைப் பின்பற்றுவது கடினம். இரண்டு மாத்திரை தவறினால் உடலில் அளவு சட்டென இறங்கிவிடும், ஏனெனில் ஐந்து மணி நேரத்துக்குள் பாதி வெளியேறிவிடுகிறது. நியூசிலாந்தில் 1,310 பேரை வைத்து நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், ஒரு மாதம் கழித்து விலகியிருந்தவர்கள் சைட்டிசினில் 40 சதவீதம், நிக்கோட்டின் மருந்துகளில் 31 சதவீதம். வாரெனிக்லினோடு 2021-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒப்பிட்டபோது சைட்டிசின் சற்றுப் பின்தங்கியது, ஆனால் பக்கவிளைவு அதில் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் புகையிலையைக் கைவிடுவதற்கான தன் முதல் சிகிச்சை வழிகாட்டியை வெளியிட்டபோது நிக்கோட்டின் மருந்துகள், வாரெனிக்லின், பூப்ரோபியான், சைட்டிசின் நான்கையும் பரிந்துரைத்தது. சைட்டிசின் இன்னும் எல்லா நாட்டிலும் அனுமதி பெறவில்லை.

பூப்ரோபியான் மனச்சோர்வு மருந்தாக வந்து இங்கும் உதவுகிறது. விடும் நாளுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்னால் தொடங்கி, மூன்று நாள் 150 மி.கி. ஒருவேளை, பிறகு எட்டு மணி நேர இடைவெளியில் இருவேளை, ஏழு முதல் பன்னிரண்டு வாரம். சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு வலிப்பு வரலாம். வலிப்பு வரலாறு, உணவுக்கோளாறு, திடீரென மதுவை நிறுத்துதல் இருந்தால் இது கூடவே கூடாது. எடை ஏறுமோ என்று அஞ்சுபவருக்கும் மனச்சோர்வு சேர்ந்திருப்பவருக்கும் பொருந்தும்.

மற்ற செடிகளும் மின்சிகரெட்டும்

"மூலிகைச் சிகரெட்" நிக்கோட்டின் இல்லாதது என்று விற்கிறார்கள். எந்த இலையை எரித்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும். வேட்கையும் அடங்காது, நுரையீரலும் தப்பாது. இரண்டு பக்கமும் நட்டம். லோபிலியா செடியின் லோபலின் நீண்ட காலம் புகைவிடும் மருந்தாக விற்றது. பயன் நிரூபிக்கப்படாததால் 1993-இல் அமெரிக்காவில் அந்த விற்பனை தடைசெய்யப்பட்டது.

நிக்கோட்டின் மின்சிகரெட் வேகத்தில் சிகரெட்டுக்கு நெருங்கியது, ஆகவே வெற்றி எண்களும் கூடுதல். 2019-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் ஓராண்டு முடிவில் விலகியிருந்தவர்கள் 18 சதவீதம், நிக்கோட்டின் மருந்துகளில் 9.9. ஆனால் அந்த 18-இல் ஐந்தில் நாலு பேர் ஓராண்டு கழித்தும் மின்சிகரெட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள், மருந்து எடுத்து விட்டவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே இன்னும் மருந்தில் இருந்தார்கள். வேகமான வழியை விடுவது கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. பல நாடுகளில் விற்பனையே தடை. புகைக்காத ஒருவர் இதைத் தொடவே கூடாது.

யாருக்கு எது

எழுந்து 30 நிமிடத்துக்குள் புகைப்பவர், மருத்துவரைப் பார்க்க முடியும் என்றால் வாரெனிக்லின். முடியாது, அல்லது மாத்திரை வேண்டாம் என்றால் பேட்சும் 4 மி.கி. லோசெஞ்சும் சேர்த்து. இந்த இரண்டும் பலத்தில் ஏறக்குறைய சமம். பேட்ச் மட்டும், சூயிங்கம் மட்டும் இவருக்குப் போதாது. தாமதமாகத் தொடங்கி நாளைக்கு ஐந்தாறு புகைப்பவருக்கு 2 மி.கி. லோசெஞ்ச் மட்டுமே போதுமானதாக இருக்கலாம். பன்னிரண்டு வாரம் மருந்து எடுக்கப் பொறுமையில்லை, நேரம் தவறாமல் மாத்திரை போட முடியும் என்பவருக்குச் சைட்டிசின்.

வாயில் ஒதுக்கும் புகையிலையை விடுபவருக்குச் சான்று உள்ளது வாரெனிக்லினுக்கும் நிக்கோட்டின் லோசெஞ்சுக்கும். வாயில் ஏதோ இருக்க வேண்டும் என்ற பழக்கத்துக்கு லோசெஞ்ச் பொருந்துகிறது. வாய்ப்புண்ணோ வெண்படலமோ இருந்தால் அதை முதலில் காட்டிவிடுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு வாரெனிக்லின், சைட்டிசின், பூப்ரோபியான் மூன்றும் பொதுவாகத் தருவதில்லை. ஆலோசனையே முதல் வழி. அது போதாதபோது மருத்துவர் பார்வையில் நிக்கோட்டின் மருந்து, பேட்ச் என்றால் இரவில் கழற்றி. அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், நெஞ்சுவலி கட்டுப்படாதவர் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். இவர்களுக்குச் சைட்டிசின் கூடாது. 65 வயதைத் தாண்டியவருக்கும் சிறுநீரகம், கல்லீரல் பழுதுள்ளவருக்கும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

விட்ட மறுவாரம் மற்ற மருந்துகள்

எந்த வழியைத் தேர்ந்தாலும் புகைப்பவர் கவனிக்க வேண்டிய ஒன்று பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. சிகரெட் எரியும்போது உருவாகிப் புகையில் கலக்கும் சில பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டி வைத்திருக்கும். அந்த நொதி காஃபீன், மனநோய் மருந்துகளான குளோசபின், ஓலன்சபின், ஆஸ்துமா மருந்தான தியோஃபிலின் ஆகியவற்றைச் சிதைப்பது. புகை நின்ற சில நாளில் நொதி அடங்கிவிடும், அதே அளவு மருந்து உடலில் கூடுதலாகத் தேங்கும். குளோசபின் அளவு ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ ஏறலாம், மயக்கமும் வலிப்பும் வரலாம். தூண்டியது நிக்கோட்டின் அல்ல, புகை என்பதால் பேட்ச் ஒட்டியிருப்பது இதைத் தடுக்காது. வாய்ப்புகையிலையை விடுபவருக்கு இந்த மாற்றம் வராது. காபியும் அப்படித்தான்: விட்ட வாரத்தில் படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை என்று வருவதில் ஒரு பங்கு நிக்கோட்டின் இல்லாததால் அல்ல, உடலில் இரட்டிப்பாகிவிட்ட காஃபீனால். காபியைப் பாதியாகக் குறையுங்கள். இன்சுலின் போடுபவர் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும், வார்ஃபரின் எடுப்பவர் இரத்தம் உறையும் நேரத்தைச் சோதிக்க வேண்டும். விடும் நாளைக் குறித்ததும் அந்தத் தேதியை இந்த மருந்துகளை எழுதித் தந்த மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அளவைத் திருத்த வேண்டியது முதல் வாரத்திலேயே.